"வெள்ளை" என்ற ஒரு சொல்: வன்னியில் நடந்த கருவளப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறக் கிராமம் ஒன்று. அங்கே வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில், ஒரு வீட்டுக்கு நேரே நாலு வருடமாக ஒரே குறிப்புத்தான் இருந்தது: பிள்ளை இல்லை. அவர் அந்த வீட்டை மறந்தவரல்லர். கலியாணமான புதிதில் போய் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார், ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகும் வருடத்தில் மூன்று நாலு தடவை அந்தப் படலையில் நின்று, "என்ன பிள்ளை, இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை மிஸ்" என்று பதில் வரும். கொப்பியில் குறித்துக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்புவார்.

அந்தப் படலையைத் தாண்டி அவர் எப்படி உள்ளே போனார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரோடு சேர்த்துப் பதினாறு குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு நாங்கள் இரண்டு பேர் கருவளம் பற்றியும் ஆற்றுப்படுத்தல் பற்றியும் பயிற்சி கொடுத்தோம். அந்தப் பயிற்சி எங்கே பிடித்தது, எங்கே சறுக்கியது என்பதை இந்த ஒரு வீட்டை வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். தம்பதியர் இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். ஆட்களை அடையாளம் காணக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

இலங்கையின் பொதுச் சுகாதாரம் மிட்வைஃப்மாரின், அதாவது இந்தக் குடும்பநல உத்தியோகத்தர்களின், கால்களில் நிற்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வீடு வீடாகப் போகிற அந்த வேலை தொடர்கிறது. ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 பேர் என்பது கணக்கு. கர்ப்பிணி, பிரசவித்த தாய், பச்சைக் குழந்தை, நிறை பார்த்தல், தடுப்பூசி, குடும்பத் திட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளை பிந்த வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்குச் சொல்ல அவரிடம் ஐந்தாறு வழிகள் உண்டு. மாத்திரை, ஊசி, லூப், உள்வைப்பு என்று கையில் எடுத்துக் காட்டியே விளக்குவார். பிள்ளை வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு அவரிடம் இருந்த சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "பொறுங்கோ."

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட கணிப்பின்படி, வளர்ந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது கருத்தரிப்பதில் தடையைச் சந்திக்கிறார். ஆறில் ஒருவர் என்றால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீடாவது இருக்கும்.

வன்னியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பாரம் உண்டு. 2006-07 இல் நாட்டில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் வட மாகாணம் சேர்க்கப்படவே இல்லை. 25 மாவட்டங்களும் 2016 ஆய்வில்தான் முதன்முதலாக ஒன்றாக எண்ணப்பட்டன. அந்த இடைவெளிக்குள் போரின் கடைசி வருடமான 2009 வந்து போனது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை சனம் கூடாரத்தில் இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மறுபடி ஒரு பிள்ளைக்கு ஏங்கினார்கள். 2013 இல் கிளிநொச்சியின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், சரியான விளக்கம் கொடுக்காமல் பெண்களுக்குக் கருத்தடை உள்வைப்பு வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பிறகு, பதிவேட்டோடு வருகிற ஆளைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. கருவளம் பற்றிப் பேசப் போகிறவர் இந்த நிலத்தில் முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும்.

பயிற்சியின் முதல் நாளிலேயே இதை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு மூத்த உத்தியோகத்தர். மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் ஒரு தாய் அவரிடம், "மிஸ், எல்.ஆர்.டி. செய்ததைத் திருப்பி அவிழ்க்கலாமோ?" என்று கேட்டாராம். எல்.ஆர்.டி. என்பது கருக்குழாயைக் கட்டும் கருத்தடைச் சத்திரசிகிச்சை. அந்தத் தாயின் பிள்ளைகள் இருவரும் போரின் கடைசி மாதங்களில் போய்விட்டார்கள். "எனக்குப் பதில் தெரியாது. கொப்பியை மூடிப்போட்டு வந்திட்டன். அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கையால போகேக்க வேகமாப் போவன்" என்றார். அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கட்டிய குழாயைச் சத்திரசிகிச்சை மூலம் திரும்ப இணைக்கலாம், எல்லோருக்கும் பலிக்காது, வயதும் எவ்வளவு குழாய் மிஞ்சியிருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கும் என்று நான் மருத்துவ விளக்கம் சொன்னேன். ஆனால் அவர் எங்களிடம் கேட்டது அதுவல்ல. அந்தப் படலையில் நின்று என்ன பேசியிருக்கலாம் என்றுதான் கேட்டார். ஆற்றுப்படுத்தலுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது அரை நாள். அன்று பின்னேரமே அதை இரண்டு நாளாக்கினோம்.

சொற்களைப் பொறுக்கிய காலை

எங்கள் தொடக்கம் நன்றாக இருக்கவில்லை. படங்களோடு ஒரு விளக்கக்காட்சி கொண்டுபோயிருந்தோம். அதில் "கருப்பை வாய்ச் சளி" என்று எழுதியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் கை உயர்த்தினார். "சளி எண்டு சொன்னால் எங்கட சனம் நெஞ்சைத் தொட்டுக் காட்டும் சேர்." சிரிப்பு எழுந்தது, ஆனால் அவர் சொன்னது மிகச் சரி. படத்தை நிறுத்திவிட்டு, கிராமத்தில் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்னென்ன சொல்கிறார்கள் என்று பலகையில் எழுதத் தொடங்கினோம். சுகமில்லை, துடக்கு, தலைக்கு முழுகினது, நாள் தள்ளிப் போச்சு, முழுகாமல் இருக்கிறா, உடம்புச் சூடு, வெள்ளைபடுது. ஒரு மணி நேரத்தில் பலகை நிறைந்தது.

"முழுகாமல் இருக்கிறா" என்ற சொல்லில் நான் அன்று நின்றுவிட்டேன். கர்ப்பமாக இருக்கிறா என்பதை எங்கள் பாட்டிமார் இப்படித்தான் சொன்னார்கள். மாதம் முடிந்து தலைக்கு முழுகும் நாளை அந்த வீடு எண்ணிக்கொண்டிருந்தது, அந்த முழுக்கு வராவிட்டால் விஷயம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. அதாவது சுழற்சியைக் கவனிக்கும் பழக்கம் எங்கள் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சியை அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்து "வெள்ளை". வெள்ளைபடுகிறது என்று ஒரு பெண் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். இளநீர் குடிக்கச் சொல்லுவோம், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்லுவோம், சுத்தமாக இருக்கச் சொல்லுவோம், கூடினால் கிளினிக்குக்கு அனுப்புவோம். பதினாறு பேரில் ஒருவர்கூட, அது கருத்தரிக்கும் நாட்களில் இயல்பாக வருவதாகவும் இருக்கலாம் என்று சொல்லவில்லை. இவர்கள் எல்லோரும் அதைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். பரீட்சைக்கு ஒரு சொல்லில் படித்தார்கள், கிராமத்தில் வேறு சொல்லில் கேட்கிறார்கள். அந்த இரண்டு சொற்களும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சேர்த்துக் காட்டவில்லை. இந்தப் பயிற்சியில் நான் கற்றவற்றில் எனக்கு மிகவும் பெரியது இதுதான்.

விஷயம் கடினமானதல்ல. மாதவிடாய் முடிந்த பிறகு சில நாட்கள் உலர்வாக இருக்கும். முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் கூடும், கசிவும் மாறும். முதலில் பசைபோல வரும், பிறகு தெளிவாக, வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் நீளும் அளவுக்கு வரும். விந்தணு உயிரோடு நீந்திப் போவதற்கு அந்த வழுவழுப்பு வேண்டும். முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்ரரோன் என்ற ஓமோன் அதைத் தடிப்பாக்கிவிடும். வழுவழுப்பாக இருக்கும் கடைசி நாளை ஒட்டித்தான் முட்டை வெளியேறுகிறது. அவுஸ்திரேலியாவில் பில்லிங்ஸ் தம்பதியர் 1950களிலிருந்து பெண்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு முறையாக வகுத்ததும் இதைத்தான்.

இதைச் சொல்லி முடித்தபோது ஓர் இளம் உத்தியோகத்தர், "வெண்டிக்காய் வெட்டின கத்தியில ஒட்டுமே, அது மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் "சளி" என்ற சொல் வரவே இல்லை. வெண்டிக்காய் போல இருந்தால் இயல்பு. தயிர் திரைந்ததுபோல வந்து கடித்தால், அல்லது மஞ்சளாக, பச்சையாக, மணத்தோடு வந்தால், அடிவயிற்று நோவும் சேர்ந்தால், கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். பிரிக்கும் கோடு தெளிவாகிவிட்டது.

பதினாலாம் நாள்

அடுத்த முடிச்சு இது. கருத்தரிக்கும் நாள் பதினாலாம் நாள் என்று எல்லோரும் சொன்னார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஏறக்குறையச் சரி. ஆனால் முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையான பகுதிதான் பெரும்பாலும் நிலையானது, அது ஏறக்குறைய 14 நாள். அதற்கு முந்திய பகுதிதான் ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். 26 நாள்காரிக்கு 12 ஆம் நாளை ஒட்டி வரும், 34 நாள்காரிக்கு 20 ஆம் நாளை ஒட்டி வரும்.

இதை நான் பலகையில் இரண்டு தடவை விளக்கியும் முகங்கள் தெளியவில்லை. வயல் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். "மூண்டு மாச நெல்லும் இருக்கு, நாலு மாச நெல்லும் இருக்கு. ஆனா கதிர் வந்து பூத்தால் எல்லாம் ஒரு முப்பது நாளிலதான் அரிவு வெட்டும். பூக்கிறதுக்கு முதல் எவ்வளவு நாள் நிக்குது எண்டதுதான் வித்தியாசம்." நெல்லின் வாழ்க்கையும் உண்மையில் அப்படித்தான். முதிர்வுக் காலம் ஏறக்குறைய ஒன்று, முந்திய வளர்ச்சிக் காலந்தான் இனத்துக்கு இனம் மாறுகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முட்டை 12 முதல் 24 மணி நேரந்தான் உயிரோடு இருக்கும். விந்தணு நல்ல கசிவுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கருத்தரிக்கக்கூடிய காலம் முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும். காலையில் எழுந்தவுடன் எடுக்கும் உடல் வெப்பநிலை 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் ஏறுவது முட்டை வெளியேறிய பிறகுதான். அது போனதைச் சொல்லும், வரப்போவதைச் சொல்லாது. கிராமத்தில் அந்த வெப்பமானிகள் கிடைப்பதும் கஷ்டம், அதனால் அதைத் தொட்டுவிட்டுக் கடந்தோம்.

நாளுக்கு ஒரு மணியாகச் சுழற்சியை எண்ணும் மணிமாலை முறைக்குக் கடையில் மணி வாங்கி எல்லோரும் கையால் கோத்தார்கள். மொத்தம் 32 மணிகள். சிவப்பு முதல் நாள், அடுத்த ஆறு மண்ணிறம், 8 முதல் 19 வரை பன்னிரண்டு வெள்ளை, மிச்சம் மண்ணிறம். பிள்ளை பிந்த வேண்டியவர்கள் வெள்ளை மணி நாட்களைத் தவிர்ப்பார்கள். சரியாகப் பின்பற்றினால் ஒரு வருடத்தில் நூறு பெண்களில் ஐந்து பேர் கருத்தரிப்பார்கள், வழமையான பாவனையில் பன்னிரண்டு பேர். 2016 ஆய்வின்படி நாட்டில் நூறு தம்பதியரில் 65 பேரளவில் ஏதோ ஒரு கருத்தடை முறையைப் பாவித்தார்கள், அதில் 11 பேரளவில் பாரம்பரிய முறையில் இருந்தார்கள். நாள் எண்ணுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சரியாக எண்ணுகிறார்களா என்பதுதான் கேள்வி. இந்த மாலை 26 முதல் 32 நாள் சுழற்சிக்காரருக்கு மட்டுமே பொருந்தும். அதைச் சொன்னோம். எவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேட்கப் பழகுதல்

ஆற்றுப்படுத்தல் பகுதியில் மூன்று மூன்று பேராக நடித்துப் பார்த்தோம். ஒருவர் மிட்வைஃப், ஒருவர் வீட்டுக்காரி, மற்றவர் கையில் மணிக்கூட்டோடு பார்த்திருப்பவர். பார்ப்பவருக்கு ஒரே வேலை, வீட்டுக்காரி பேசத் தொடங்கி எத்தனை செக்கன்டில் மிட்வைஃப் குறுக்கிடுகிறார் என்று குறிப்பது. முதல் சுற்றில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வசனத்தை முடிக்க விடவில்லை. அன்பில்லாமல் இல்லை. ஆறுதல் சொல்ல அவசரப்பட்டார்கள். "கவலைப்படாதேங்கோ", "கடவுள் தருவார்", "என்ர மச்சாளுக்கும் ஏழு வருசத்தாலதான்". அந்த ஆறுதல் ஒவ்வொன்றும் எதிரில் இருப்பவரின் பேச்சை மூடிவிடுகிறது என்பதை, வீட்டுக்காரியாக நடித்தவர்களே சொன்னார்கள். நாங்கள் சொல்லியிருந்தால் அவ்வளவு ஏறியிருக்காது.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை ஒருநாள் முழுக்கத் தவிர்த்துப் பார்த்தோம். "ஏன் இவ்வளவு நாளும் டொக்டரிட்டப் போகேல்ல?" என்பது விசாரணைபோல விழும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்தோம்: "உங்களுக்கு ஒரு மாசம் எப்பிடிப் போகும் எண்டு தொடக்கத்தில இருந்து சொல்லுங்கோ." பிறகு வாய் மூடியிருக்க வேண்டும்.

நேர்த்திக்கடன் பற்றி நீண்ட வாதம் நடந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் நேர்த்தி வைத்திருக்கும் பெண்ணிடம் அதைவிட்டு மருந்துக்கு வா என்று சொல்வதா? வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நேர்த்தி என்ன என்று கேட்டால், அந்தப் பெண் எத்தனை வருடமாக எதைச் சுமக்கிறாள் என்பது வெளியே வரும். அம்மனும் கிளினிக்கும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அந்த வீடு

இரண்டாவது அமர்வு முடிந்த கிழமை, தொடக்கத்தில் சொன்ன உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போனார். மனைவிக்கு 31 வயது, கணவருக்கு 35. அவர் கொழும்பில் மேசன் வேலை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். விறாந்தையில் மாமியார் இருந்தார், எப்போதும் போல. முன்பென்றால் மாமியாருக்கும் கேட்கும்படி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பார். அன்று, "மாமி, எனக்கு இவவோட பத்து நிமிசம் தனியக் கதைக்கோணும்" என்று நேரே கேட்டார். மாமியார் "கதையுங்கோ பிள்ளை" என்றுவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்தார். இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

கிணற்றடிக்குப் பக்கத்து முருங்கை மரத்தடியில் இருவரும் இருந்தார்கள். பதிவேடு ஸ்கூட்டிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டார், பிறகு பொறுத்திருந்தார். மிக நீண்ட நேரம் போல இருந்ததாம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனபோது, கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தாராம். அவர் போனது சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி வருவதற்கு. அமாவாசையும் பறுவமும் குறித்த அந்தத் தாள்களில் நீலப் பேனாவால் வட்டங்கள் இருந்தன, மாதம் வந்த நாட்கள். சிவப்புப் பேனாவால் சிறு கோடுகள் இருந்தன, கணவர் வீட்டில் நின்ற நாட்கள். இரண்டு வருடக் கணக்கு. அவ்வளவு காலமும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வட்டங்களுக்கிடையில் எண்ணினார்: 33, 35, 34, 34. சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் 13, 14, 15 ஆம் நாட்களில் இருந்தன. உறவுக்காரி ஒருவர் தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பதினாலாம் நாள் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அந்த மனிதர் மேஸ்திரியிடம் கெஞ்சி லீவு எடுத்து, இரவு பஸ்ஸில் வந்து, மூன்று நாள் நின்று போயிருக்கிறார்.

பிறகு அந்தப் பெண் சொன்னார்: "அவர் போய் ரெண்டு மூண்டு நாளில எனக்கு வெள்ளைபடும் மிஸ். நல்ல காலம் அவர் நிக்கேக்க வாறேல்ல எண்டு நினைப்பன். தைப்பொங்கலுக்கு நிண்ட நேரம் வந்தது, சுகமில்லை எண்டு தள்ளிப் படுத்தன்."

இந்த இடத்தில் அவர் விளக்கம் சொல்லத் தொடங்கியிருக்கலாம். "அது எப்பிடி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சொல் வரவில்லை. "வெண்டிக்காய் வெட்டினால் கத்தியில ஒட்டுமே, அப்பிடியோ?" அந்தப் பெண் முதலில் சிரித்தார், பிறகு "ஓம்" என்றார். கடிக்கிறதா, இல்லை. மணமா, இல்லை. அதற்குப் பிறகுதான் அது நோயல்ல, அந்த நாட்கள்தான் உங்களுக்குக் கருத்தரிக்கும் நாட்கள் என்று சொன்னார்.

"அப்ப இந்த நாலு வருசம்?" என்று அந்தப் பெண் கேட்டார், அழுதார்.

பயிற்சியில் இருந்து கொண்டுவந்த எல்லாமே அந்த நிமிடத்தில் சோதனைக்கு வந்தது. "கவலைப்படாதை" என்ற சொல் வாய்வரை வந்ததாம். அதை விழுங்கிக்கொண்டு, "இதை நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்கோணும்" என்றார். ஓர் உத்தியோகத்தர் தன் பகுதியிலுள்ள ஒரு பெண்ணிடம் இப்படிச் சொன்னதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. அதைச் சொன்னதற்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாள் தெரிந்ததோடு வேலை முடியவில்லை. ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரையும் பரிசோதிக்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. இவர்களுக்கு நாலு வருடம். நாட்கள் தவறியது ஒரு காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் பக்கத்திலேயே இருக்கலாம். இனி ஆறு மாதம் இந்த நாட்களில் முயன்று பாருங்கள் என்று விட்டிருந்தால் அது இன்னொரு "பொறுங்கோ" ஆகியிருக்கும். அன்றே இருவருக்கும் கிளினிக் துண்டு எழுதினார்.

கணவர்

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு கணவரிடம் தொலைபேசியில் பேசினார். "எனக்கு ஒரு குறையும் இல்லை மிஸ்" என்று முதலில் சொன்னார் அவர். ஏறக்குறையப் பாதித் தம்பதியரில் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை எந்தச் சொல்லில் சொன்னால் ஒரு மனிதர் தொலைபேசியை வைக்காமல் கேட்பார்? "குறை பாக்கிறதுக்கில்லைத் தம்பி. ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கிறதுதான் கிளினிக் வழமை. அவவுக்குக் குழாய், ஸ்கான் எண்டு கனக்க இருக்கு. உங்களுக்கு ஒரு பரிசோதனை, அதை முதல் முடிச்சால் அவவுக்கு அலைச்சல் குறையும்." மூன்று நாள் கழித்து அவரே எடுத்தார்.

விந்துப் பரிசோதனைக்கு வன்னியில் தூரம் ஒரு பெரிய தடை. விந்து கடைசியாக வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும், மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், குளிரவும் விடக்கூடாது. துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர் வீட்டிலிருந்து எடுத்து வர முடியாது. வைத்தியசாலையிலேயே எடுக்க வேண்டும், அதற்கு மறைவான ஓர் அறை வேண்டும், வாசலில் நின்று பெயர் கூப்பிடாத ஓர் ஆள் வேண்டும். மாதக் கணக்கில் வீட்டை விட்டு நிற்கிற ஆண்களுக்கு 7 நாள் எல்லை தாண்டிவிடும் என்பதையும் வெட்கப்படாமல் விளக்க வேண்டும். எங்கள் பயிற்சியில் இதற்கு ஐந்து நிமிடந்தான் கொடுத்திருந்தோம். அது போதாது.

முதல் பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை, உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூல் சொல்லும் கீழெல்லையான மில்லிலீட்டருக்கு 16 மில்லியனைவிடக் குறைவாக இருந்தது. வைத்தியர் சிகரட்டை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும் என்பதால் அதற்கு முன் திரும்பப் பார்த்தும் பயனில்லை. மனைவியின் கலண்டரும் கிளினிக்கில் உதவியது. முட்டை வெளியேறியதா என்று பார்க்கும் புரொஜெஸ்ரரோன் பரிசோதனையை வழமைபோல 21 ஆம் நாள் எடுத்திருந்தால், முட்டையே வெளியேறவில்லை என்று தவறாக முடிவு வந்திருக்கும். அது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டியது. நீல வட்டங்களைப் பார்த்து வைத்தியர் 27 ஆம் நாள் என்று எழுதினார். முடிவு நன்றாக இருந்தது.

இன்னொரு விஷயம். ஆண்களுக்காகச் சனசமூக நிலையத்தில் பின்னேரக் கூட்டம் ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு நடத்தினோம். வந்தவர்கள் சிலர்தான். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு இருவர் நின்றார்கள். ஒருவருக்கு இடுப்பில் இன்னும் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. மற்றவர் முள்ளந்தண்டு காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். தங்களுக்குப் பிள்ளை பெற முடியுமா என்று இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் கேட்க விடவும் இல்லை. முள்ளந்தண்டுக் காயத்தில் விந்து வெளியேறுவது தடைப்படலாம், ஆனால் விந்தணுவை மருத்துவமுறையில் எடுக்க வழி உண்டு, சிறப்பு வைத்தியரிடம் போகலாம் என்று சொன்னோம். இந்த ஆண்களைப் பற்றி எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. வன்னிக்கென்று தயாரித்த பாடத்தில் அது இல்லாமல் போனது எங்கள் தவறு.

நாங்கள் விட்ட பிழை

தொடர் கண்காணிப்பில் ஒரு வீட்டில் மணிமாலையைக் கண்டோம். நாலு மாதக் குழந்தையின் தாய் அதை வைத்திருந்தார். அவருக்கு மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. எந்த நாளை முதல் நாளாக எண்ணுவது? தாய்ப்பாலால் கிடைக்கும் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அதற்கு மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதம் நம்பலாம். இந்தத் தாய் குழந்தைக்குச் சோறு மசித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். உத்தியோகத்தர் நல்ல மனத்தோடுதான் மாலையைக் கொடுத்தார். கையால் கோத்த அழகான பொருள், கொடுக்க ஆசை வரும். யாருக்குப் பொருந்தாது என்பதை மாலை கோர்ப்பதற்கு முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வேறு முறை விளக்கப்பட்டது, அவர் ஊசியைத் தெரிந்தெடுத்தார். அடுத்த பயிற்சியில் மாலை கடைசி நாளுக்குத்தான் வரும்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். முருங்கை மரத்தடிப் பேச்சு பத்து நிமிடத்தில் முடியவில்லை, ஒரு மணி நேரம் போனது. அன்று அவர் போக வேண்டிய மூன்று வீடு பிந்தியது. யானை வரும் பாதை என்பதால் ஐந்து மணிக்குப் பிறகு அங்கே நிற்கவும் முடியாது. படிவங்கள் நிரப்பும் வேலையைக் குறைக்காமல் கேட்கும் திறனை மட்டும் கூட்டச் சொல்வது நியாயமல்ல. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் மாதாந்தக் கூட்டத்தில் இப்போது பத்து நிமிடம் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், பெயர் சொல்லாமல். இவ்வளவுதான் எங்களால் மாற்ற முடிந்தது. இன்னும் வேண்டும்.

இப்போது

இதை எழுதும்வரை அந்தப் பெண் கருத்தரிக்கவில்லை. கணவரின் இரண்டாவது பரிசோதனை எல்லைக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. அவர் கொழும்பை விட்டு, கிளிநொச்சியில் ஒரு கட்டட வேலைக்கு வந்துவிட்டார், சம்பளம் குறைவு, ஆனால் ஒவ்வொரு இரவும் வீட்டில். அதனால் அவர்கள் நாள் எண்ணவும் தேவையில்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். பொதுவாக நூறு தம்பதியரில் எண்பதுக்கு மேற்பட்டோர் முதல் வருடத்திலும், மிச்சத்தில் பாதிப் பேர் இரண்டாம் வருடத்திலும் கருத்தரிக்கிறார்கள். இவர்களுக்குச் சரியான நாட்களில் முயற்சி தொடங்கியதே இப்போதுதான் என்பதால், கிளினிக் கண்காணிப்போடு காத்திருக்கிறார்கள்.

போன மாதம் அந்தக் கிராமத்துச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்தவர்களில் நாலு பெண்கள் "வெண்டிக்காய்" பற்றிக் கேட்டார்களாம். யார் சொன்னது என்று உத்தியோகத்தர் கேட்கவில்லை.

அவருடைய பதிவேட்டை அண்மையில் பார்த்தேன். "பிள்ளை இல்லை" என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: "34 நாள். வழுவழுப்பு 17 - 20. இருவரும் கிளினிக். அவர் சிகரட் விட்டு மூன்று மாதம். மாமிக்குப் பிரஷர் பார்க்க வேண்டும்."